சுவைக்குக் காரணம் சொல்லும் வேலை

தேயிலை சுவைக்கும் அறையில் ஒரு சொல்லுக்கு மதிப்பு வருவது, அதைக் கேட்ட தொழிற்சாலைக்காரர் மறுநாள் காலையில் எந்த இயந்திரத்தின் அருகே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும்போதுதான். குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் இதை ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். "நல்லா இருக்கு, நல்லா இல்லைன்னு வீட்டுல சொல்லு தம்பி, இங்க ஏன்னு சொல்லு."

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும், அதாவது ஒன்றாகத் தொகுத்து விற்கும் சரக்கிலிருந்தும், மாதிரி எடுத்துச் சுவைத்து, குறிப்பெழுதி, இன்ன விலைக்குப் போகும் என்று மதிப்பிடுவது தரகரின் பொறுப்பு. வாங்குபவர்களும் அதே லாட்டின் மாதிரியைத் தங்கள் அறையில் சுவைத்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். ஏலம் இன்று கணினிக்கு மாறிவிட்ட போதிலும், விலை கேட்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் கிண்ணத்தின் முன் நின்று கரண்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

சுவைப்பதற்கு டீ போடும் முறை வேறு. வீட்டில் பாலும் சர்க்கரையும் சேர்த்து நமக்குப் பிடித்தபடி சரிசெய்துகொள்கிறோம். இங்கே எந்தக் குறையும் ஒளிந்துகொள்ள இடமில்லாதபடி டீ போட வேண்டும். 1980இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரநிர்ணயம், 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிட ஊறல், வெள்ளைப் பீங்கான் பாத்திரம் என்று வரையறுக்கிறது. அறைக்கு அறை இதில் சிறு வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஓர் அறைக்குள் எல்லா லாட்டுக்கும் ஒரே எடை, ஒரே தண்ணீர், ஒரே நேரம் என்பதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. தண்ணீர் அப்போதுதான் கொதித்ததாக இருக்க வேண்டும். வெளிச்சம் வடக்குப் பார்த்த ஜன்னல் வழியாக வர வேண்டும்; நேர் வெயில் விழுந்தால் நிறத்தை நம்ப முடியாது.

நேரம் முடிந்ததும், மூடியிட்ட குவளையைக் கிண்ணத்தின் மேல் சாய்த்து வைப்போம். குவளையின் விளிம்பில் உள்ள சிறு வெட்டுகள் வழியாகச் சாறு வடிந்து, இலை உள்ளேயே தங்கிவிடும். அந்த இலையைக் கவிழ்த்த மூடியின்மேல் தட்டி வைத்துவிட்டுத்தான் சாற்றின் பக்கம் திரும்புவது வழக்கம். புதிதாக வரும் பிள்ளைகள் இந்த இலையைக் கண்டுகொள்ளாமல் நேராகக் கிண்ணத்துக்குப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் பாதித் தகவல் ஊறிய இலையில்தான் இருக்கிறது. இலையை உருட்டித் திரித்துப் பதமாகச் செய்த ஆர்தடாக்ஸ் டீயின் இலை, புளி போட்டுத் தேய்த்த செம்புப் பாத்திரத்தின் நிறத்தில் பளிச்சென்று கிடக்கும். பச்சைத் திட்டுகள் தெரிந்தால் உருட்டல் சீராக இல்லை, அல்லது இலைக்குக் காற்றில் போதிய நேரம் கிடைக்கவில்லை. கறுத்து மங்கியிருந்தால் அந்த நேரம் கூடிப்போயிருக்கிறது. சூடு ஆறுவதற்குள் மூக்கை அந்த இலையில் ஏறக்குறையப் புதைத்தே முகர வேண்டும். புகை, ஈரச் சாக்கு, கருகல் ஆகிய வாசனைகள் சூட்டில்தான் எழும்பி வரும்.

அதன் பிறகு சாறு. கரண்டியால் எடுத்து, சத்தம் கேட்கும்படி ஒரே இழுப்பில் உறிஞ்ச வேண்டும். அப்படி உறிஞ்சும்போது சாறு காற்றோடு கலந்து துளிகளாகச் சிதறி, நாக்கு, ஈறு, அண்ணம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைக்கிறது. அதன் ஆவி தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறுகிறது. டீயின் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, இப்படிப் பின்வழியாக மூக்கு அறிந்துகொண்ட மணம். சளி பிடித்த நாளில் நான் குறிப்பெழுத உட்காருவதில்லை. ஓரிரு நொடிகள் வாயில் வைத்திருந்து துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். நின்று யோசித்தால் முதலில் தோன்றிய தெளிவு கலைந்துவிடும்.

கசப்பையும் துவர்ப்பையும் பிரித்தறிவதுதான் முதல் பாடம். கசப்பு நாக்கில் தெரியும் சுவை. துவர்ப்பு வாய் முழுவதையும் இழுத்துப் பிடிக்கும் ஓர் உணர்வு. எங்கள் அறையில் 'பிரிஸ்க்' என்று எழுதுவது, ஈறுகளைச் சுண்டிவிட்டு உடனே விலகி வாயைச் சுத்தமாக விட்டுச் செல்லும் உயிர்ப்புள்ள துவர்ப்பை. 'பாடி' என்பது வாயில் உணரும் கனம். இவை இரண்டும் எப்படி உண்டாகின்றன என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்தச் சொற்களை மனப்பாடம் செய்து பயனில்லை. கொழுந்து நசுங்கிக் காற்றுப் பட்டதும், அதிலுள்ள கேட்டச்சின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் தியாஃபிளேவின்களாகவும் தியாரூபிஜின்களாகவும் மாறத் தொடங்குகின்றன. முன்னது சாற்றுக்குப் பளபளப்பையும் பிரிஸ்க்கான தன்மையையும் தருகிறது. பின்னது ஆழ்ந்த நிறத்தையும் கனத்தையும் தருகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு நேரம் கூடக் கூட முன்னது குறைந்து பின்னது ஏறும். ஆகவே, நன்கு சிவந்து, கனமாக, ஆனால் மங்கி உயிரில்லாமல் இருக்கும் ஒரு சாற்றைச் சுவைத்தவுடன், இலை தேவைக்கு மேல் காற்றில் கிடந்திருக்கிறது என்றோ இலையைக் காற்றில் வைக்கும் அறையின் வெப்பம் ஏறிவிட்டது என்றோ சொல்லிவிடலாம். 'சாஃப்ட்' என்று ஒரே சொல்லில் எழுதினால் போதும், தொழிற்சாலையில் இருக்கும் டீ மேக்கருக்குப் புரிந்துவிடும். மாறாக, பச்சை வாடையோடு தொண்டையைப் பிடிக்கும் முரட்டுத்தனம் இருந்தால், நசுக்குவதற்கு முன் இலையின் ஈரத்தைக் குறைக்கும் வாட்டமும் போதவில்லை, காற்றில் இருந்த நேரமும் போதவில்லை. புகை வாசனை வந்தால் ட்ரையருக்குச் சூடான காற்றை அனுப்பும் ஹீட்டரின் குழாயில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அடுப்பில் எரியும் தைலமர விறகின் புகை அந்த வழியாக இலையைத் தொட்டுவிடுகிறது.

எல்லாக் குறையும் இயந்திரத்தில் இருப்பதில்லை. நீலகிரியில் தேயிலை பயிரிடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். அவர்கள் பறிக்கும் பச்சை இலையை விலைக்கு வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைகள் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலையின் லாட்டுகளில், ஒரு வரத்துக் காலம் முழுவதும், மங்கல், லேசான புளிப்பு என்று நாங்கள் எழுதிக்கொண்டே இருந்தோம். உரிமையாளர் ட்ரையரைப் பார்த்தார், உருளைகளின் பற்களைத் தீட்டினார், காற்றில் வைக்கும் நேரத்தைக் குறைத்தார், குறிப்பு மாறவில்லை. ஒரு மாலையில் நானே போய், லாரியிலிருந்து இறங்கும் இலையைப் பார்த்தேன். காலையில் பறித்த இலையைச் சாக்கில் காலால் மிதித்து அடைத்து, ஒரே நடையில் கொண்டுவந்து சேர்க்க, அது மாலைவரை மூச்சுவிட வழியின்றிக் கிடந்திருக்கிறது. ஒரு சாக்கின் நடுவில் கையை விட்டபோது உள்ளே காய்ச்சல் கண்ட உடம்பின் சூடு இருந்தது. வெளியே எடுத்த இலையின் ஓரமெல்லாம் சிவந்திருந்தது. தொழிற்சாலைக்குள் நுழையும் முன்பே அந்த இலையில் மாற்றம் தொடங்கிவிட்டது. அதற்கப்புறம் எந்த இயந்திரத்தைத் திருகியும் பயனில்லை. வலைப்பைகளில் தளர்வாகக் கட்டி, மதியம் ஒரு நடை, மாலை ஒரு நடை என்று இலையை எடுத்துவர ஏற்பாடு செய்த பிறகு, கிண்ணத்தில் புளிப்பு போயிற்று, மெல்ல மெல்ல நிறமும் பளிச்சிட்டது. இதை நான் முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலைக்கு ஏலத்தில் கிடைக்கும் விலையைப் பொறுத்தே சிறு விவசாயிக்கு இலை விலை கிடைக்கிறது. 'மங்கல்' என்று எழுதிவிட்டு நகர்ந்துபோவது எங்களுக்குச் சுலபம். அதன் பாரம் கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரின் தலையில் போய் இறங்கும்.

நீலகிரியின் ஆர்தடாக்ஸ் டீயைப் பற்றிப் பெருமையோடுதான் எழுத முடியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவுகளில் குளிர் உறைநிலையை நெருங்கும்போது, செடியின் வளர்ச்சி மெதுவாகி, கொழுந்தில் மணம் திரள்கிறது. உறைபனி நேரடியாக விழுந்த இலை கருகிப் பயனற்றுப் போகும். பனிக்குத் தப்பிய சரிவில் மெல்ல வளரும் இலைதான் அந்தப் பருவத்தின் பொக்கிஷம். ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் உள்ள கோரகுந்தா போன்ற தோட்டங்களின் குளிர்கால டீயில் மலர் மணம் முதல் இழுப்பிலேயே ஏறிவரும். மலர் மணத்துக்கு முதன்மைக் காரணமான லினலூல் என்ற பொருள் மல்லிகையிலும் உண்டு என்பதால், மல்லிகையின் சாயல் என்று எழுதுவதில் மிகையில்லை. நீலகிரிச் சாற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. காஃபீனும் பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்களும் ஒன்றோடொன்று பிணைவதால் கனமான அசாம் டீ ஆறியதும் பாலாடை போலக் கலங்கும். அதை நாங்கள் 'கிரீம்' என்போம், அது வலிமையின் அடையாளம். நீலகிரி டீ ஆறிய பிறகும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். ஐஸ் டீ தயாரிப்பவர்கள் இதைத் தேடி வாங்குவது அதனால்தான்.

அசாமின் இரண்டாம் பறிப்பில் வரும் கனமும், முளைகட்டிய தானியத்தை நினைவூட்டும் மால்ட் மணமும் நீலகிரிக்கு வராது. அதற்காக இங்கே யாரும் வருந்த வேண்டியதில்லை. டார்ஜிலிங்கின் கதை தனி. மே, ஜூன் மாதங்களில் தத்துப்பூச்சி கடித்த கொழுந்தில், செடி தற்காப்புக்காகச் சில வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது. அதிலிருந்து வருவதே 'மஸ்கட்டல்' என்று உலகச் சந்தை கொண்டாடும் திராட்சை மணம். தைவானின் ஓரியண்டல் பியூட்டி ஊலாங்குக்கும் இதே வகைப் பூச்சியின் கடிதான் மூலம். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை உண்மையில் மஸ்கட் ஹாம்பர்க் ரகம். எனவே நம் ஊர் இளைஞர்களுக்கு இந்த மணத்தை அறிமுகம் செய்ய நான் ஒரு கொத்துப் பன்னீர் திராட்சையை மேசையில் வைத்துவிடுவேன். இலங்கையின் ஊவா டீயும் அப்படித்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை பண்டாரவளை, பதுளைப் பக்கம் வறண்ட கச்சான் காற்று வீசும்போது, மெத்தில் சாலிசிலேட் மிகுந்து, தொண்டைவரை குளிர்ச்சி பாய்ச்சும் ஒரு மணம் டீயில் ஏறுகிறது. ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தில் பிரதானமாக இருப்பதும் இதே பொருள்தான். அந்தச் சீசாவைத் திறந்து ஒரு முறை முகர்ந்தவருக்கு ஊவா டீயை மறுபடி விளக்க வேண்டியதில்லை.

பல் வைத்த உருளைகளில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்யும் சி.டி.சி. தூளை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். அதைப் பால் சேர்க்காமல் மட்டும் சுவைத்து மதிப்பிடுவது நியாயமாகாது என்பது என் உறுதியான எண்ணம். அது பாலுக்காகவே செய்யப்படுகிறது. பாலின் கேசின் புரதம் பாலிஃபீனாலைப் பிடித்துக்கொண்டு துவர்ப்பை அடக்கிவிடும்; அதையும் மீறி எது மேலே எழுகிறது என்பதுதான் கேள்வி. அளந்து பால் விட்டதும் சாறு பொன்னும் செம்மையும் கலந்த நிறத்துக்கு வந்தால் அந்தத் தூள் பிழைத்தது; சாம்பல் கலந்த மண் நிறத்துக்கு இறங்கினால், தூளாக இருந்தபோது எவ்வளவு கறுப்பாக மின்னியிருந்தாலும், வாங்குபவர் அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடுவார். டீக்கடைக்குப் போகும் தூளைத் தாழ்வாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டஸ்ட் எனப்படும் மிகப் பொடியான தூளின் ஒரு லாட்டை நேர்மையாக மதிப்பிடுவதற்கு வேண்டிய கவனம், வெள்ளி ஊசி போன்ற மொட்டுத் தேயிலைக்கு வேண்டியதைவிடக் கொஞ்சமும் குறைந்ததன்று.

இப்போது நல்ல இலைத் தேயிலையைச் சிறு டப்பாக்களில் விற்கும் கடைகள் பெருகியிருக்கின்றன; டப்பாவின்மேல் ஒட்டும் சீட்டுக்குச் சுவைக் குறிப்பு எழுதித் தரும்படி என்னிடமும் கேட்கிறார்கள். தேன், ரோஜா, சாக்லேட், காட்டுப் பழம் என்று ஒரே டப்பாவில் அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வாங்கியவர் குடித்துப் பார்த்துவிட்டு, இவற்றில் எதுவும் தெரியவில்லையே, நம் நாக்கில்தான் குறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அப்படி ஒருவரை நினைக்கவிடுவது தேயிலைக்கும் அவருக்கும் செய்யும் அநியாயம். சாறு எப்படி இருக்கும், துவர்ப்பு எவ்வளவு, மணம் எதைப் போன்றது என்பதை அவர் வாழ்நாளில் முகர்ந்திருக்கக்கூடிய ஒரே ஒரு பொருளைக் கொண்டு சொன்னால் போதும்.

நான் எழுதிக் கொடுக்கும் சீட்டில் முதலில் பறித்த மாதமும் தோட்டத்தின் உயரமும் இருக்கும். அடுத்து, ஆர்தடாக்ஸா சி.டி.சி.யா, எத்தனை கிராமுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் என்பவை. மணத்தைப் பற்றிய வரியைக் கடைசியில் வைப்பேன். ஜனவரி என்ற மாதத்தையும் 8,000 அடி என்ற உயரத்தையும் முதலில் படித்துவிட்டவருக்கு, மல்லிகைச் சாயல் எங்கிருந்து வந்தது என்பது சொல்லாமலே புரியும். கடைக்காரர்களில் சிலர் அந்த மணத்தின் வரியைப் பெரிய எழுத்தில் மேலே போடச் சொல்கிறார்கள். நான் சம்மதிப்பதில்லை.