துணைக்கு வந்தவர்களின் இரத்த அழுத்தம்

திருகோணமலை மாவட்டத்தில் அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் மருத்துவக் கிளினிக்கில் தாதிய உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். வரிசையில் நிற்கும் நோயாளரைவிட அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. கணவரின் கிளினிக் கொப்பியையும், மாமியாரின் இரத்தப் பரிசோதனைத் துண்டையும், மகனின் இழுப்பு மருந்தையும் ஒரே பையில் சுமந்துகொண்டு மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் விடிய முன்னரே பஸ் ஏறி வரும் பெண்களிடம், யாருக்கு எந்தக் குளிசை எத்தனை மணிக்கு என்று கேட்டால் தடுமாறாமல் சொல்வார்கள். "உங்களுக்குக் கடைசியாக எப்போது பிறசர் பார்த்தது அக்கா?" என்று கேட்டால் மட்டும் பெரும்பாலானோருக்குப் பதில் இருப்பதில்லை, கடைசிப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பார்த்ததாகச் சிலர் சொல்வார்கள், அந்தப் பிள்ளை உயர்தரம் படித்துக்கொண்டிருக்கும்.

உலகளவில் பெண்களின் இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்களே காரணமாகின்றன. ஆயினும் பெண்ணுக்கு வரக்கூடிய கொடிய நோய் எதுவென்று எங்கள் ஊரில் கேட்டால் புற்றுநோய் என்ற பதில்தான் முதலில் வரும். மாரடைப்பு என்பது உழைத்துக் களைத்த ஆண்களுக்கு வருவது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது. இந்த எண்ணத்திற்கு மருத்துவ உலகமும் பொறுப்பேற்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். அஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று 1980களில் அமெரிக்காவில் நடத்தப்பட்ட புகழ்பெற்ற ஆய்வில் 22,071 வைத்தியர்கள் பங்கேற்றனர். அவர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை. ஆணைப் போன்ற அறிகுறிகளைக் காட்டினால் மட்டுமே பெண்ணின் இதயநோய்க்கு உரிய சிகிச்சை கிடைக்கிறது என்று இதயநோய் நிபுணர் பேர்னடீன் ஹீலி 1991இல் எழுதிய பின்னரே இந்தக் குறை பரவலாகப் பேசப்பட்டது.

ஆணைவிடப் பெண்ணுக்கு மாரடைப்பு பிந்தி வருகிறது என்பது உண்மைதான். 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பிந்தியே வந்திருந்தது. ஆனால் நம்மைப் போன்ற தெற்காசியருக்கு அது மற்றவர்களைவிட முந்தி வருகிறது என்பதையும் அதே ஆய்வின் தரவுகள் காட்டின. மாதவிடாய் நிற்கும்வரை பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் தரும் பாதுகாப்பைச் சீனி வருத்தம் பெருமளவு பறித்துவிடுகிறது. ஒரே அளவு சீனியுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், அந்நோயால் இதயநோய் ஆபத்து கூடுதலாக உயர்வது பெண்ணுக்கே. நாற்பது வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றுவிட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம். எங்கள் கிளினிக்கில் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று பார்க்கும் எவருக்கும், பெண் என்பதால் இதயம் தப்பும் என்ற ஆறுதல் நிலைக்காது.

அறிகுறிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாரடைப்பின்போது ஆணுக்கும் சரி பெண்ணுக்கும் சரி, நெஞ்சில் வரும் நோவே அதிகம் காணப்படும் அறிகுறி. ஆனால் பெண்களிடம் அதனுடன் சேர்ந்தோ அது இல்லாமலோ மூச்சுமுட்டல், குமட்டல், தாடையிலும் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகிலும் நோவு, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத பெருங்களைப்பு ஆகியவை கூடுதலாக வருகின்றன. நோ வந்தாலும் அவர்கள் அதை நோ என்று சொல்வது குறைவு. "நெஞ்சு நோகேல்ல மிஸ்ஸி, என்னவோ வச்சு அமத்தின மாதிரிக் கிடக்கு" என்பார்கள். "வாயுதான், உள்ளி அவிச்சுக் குடிச்சனான்" என்பார்கள். நெஞ்சுநோ உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டு, இல்லை என்ற பதிலை எழுதிக்கொண்டு அடுத்தவரை அழைப்பது எளிது. அந்த எளிமையில்தான் பெண்களின் மாரடைப்பு வாயுக்குத்தாகவும் காஸ்ட்ரைட்டிஸாகவும் மனப்பதற்றமாகவும் பெயர் மாறி வீட்டுக்குத் திரும்பிப் போகிறது.

ஆகையால் நான் கேள்வியை வேறுவிதமாகக் கேட்கப் பழகினேன். நகரத்துச் சைவப் பெண்களிடம், பிரெடரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறும்போது போன வருடம் இடையில் நிற்காமல் ஏறினீர்களா, இந்த வருடம் எங்கே நின்றீர்கள் என்று கேட்பேன். அந்த ஏற்றம் எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்குப் பழகிய பாதை என்பதால், சென்ற ஆண்டை இந்த ஆண்டோடு ஒப்பிடுவது அவர்களுக்குக் கடினமாக இருப்பதில்லை. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் பெண்களிடம் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதையும் விறகு தூக்குவதையும் வைத்து அதே கேள்வியைக் கேட்கலாம். முன்பு முடிந்தது இப்போது முடியவில்லை, இருந்தால் ஆறுகிறது, மறுபடி நடந்தால் வருகிறது என்று ஒரு பெண் சொன்னால், அதற்குப் பிறகு உள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க இடமில்லை. ஈசிஜி எடுக்க வேண்டும்.

குச்சவெளிப் பக்கத்திலிருந்து, கரையில் கருவாடு காயவைத்துப் பிழைக்கும், ஐம்பதைத் தொட்ட ஒரு தாய் வந்திருந்தார். முதல்நாள் மாலையிலிருந்து கீழ்த்தாடை இழுத்துப் பிடிப்பதாகவும், பல்லைப் பிடுங்கினால் சரியாகும் என்றும் சொன்னார். பல்லில் சூத்தை ஏதும் இல்லை. நெற்றியும் கழுத்தும் வியர்த்திருந்தன. இரவே ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, காலையில் மீன் வருமென்றும், பிள்ளைகளுக்குச் சமைத்து வைக்காமல் எப்படி வருவது என்றும் என்னையே திருப்பிக் கேட்டார். நெஞ்சுநோவோ அதற்கு ஒப்பான அறிகுறியோ உள்ளவருக்கு வந்து பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் விதி. முதல் ஈசிஜியில் பெரிய மாற்றம் தெரியவில்லை. வைத்தியர் அதோடு விடாமல் சிறிது நேரத்தில் மீண்டும் எடுக்கச் சொன்னார், இதயத்தசை பழுதாகியிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் பரிசோதனைக்கு இரத்தமும் அனுப்பினார். இரண்டாவது ஈசிஜி சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது. அவர் பிழைத்தார். ஆனால் இழந்த அந்த ஓர் இரவில் இதயத்தசையின் ஒரு பகுதி திரும்பி வராமலே போயிற்று, இப்போது அவரால் முன்பு போல மீன்கூடை தூக்க முடிவதில்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணித்தியாலங்களிலேயே முழுப்பயன் தரும். பன்னிரண்டு மணித்தியாலம் கடந்தால் பொதுவாக அதற்கான வாய்ப்பே முடிந்துவிடும்.

தூரத்தைக் காரணம் காட்டக்கூடிய காலமும் இருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அக்கரை நோயாளர் படகுத்துறையில் காத்திருந்துதான் நகருக்கு வந்தார்கள். இன்று வீதியும் உண்டு, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி வரும் சுவசெரிய அம்புலன்ஸும் உண்டு. அந்த அழைப்பைத் தந்தைக்காக உடனே எடுக்கும் பிள்ளைகள் தாய்க்காக எடுக்கத் தயங்குவதற்கு, அம்மாவே "ஒன்றுமில்லை, படுத்தெழும்பினால் சரியாகும்" என்று தடுப்பதுதான் முதற்காரணம் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

என் பணியில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது கர்ப்பகாலத்தைப் பற்றிய கேள்வி. கர்ப்பத்தில் பிறசர் கூடிச் சிறுநீரில் புரதம் போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. கர்ப்பகாலச் சீனி பிள்ளை பிறந்தவுடன் மறைந்துவிட்டாலும், அந்தப் பெண் சில ஆண்டுகளில் நிரந்தரச் சீனி நோயாளியாகும் ஆபத்து பல மடங்கு அதிகம். குறைமாதத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கும் இதே எச்சரிக்கை ஓரளவு பொருந்தும். அமெரிக்க இதயச் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டலில் இந்தக் கர்ப்பகாலச் சிக்கல்களை இதயநோய் ஆபத்துகளின் வரிசையில் சேர்த்தது. அதாவது, மாரடைப்பு வருவதற்கு இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே உடல் தன் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. இலங்கையில் ஒவ்வொரு கர்ப்பிணியின் பிறசரும் சீனியும் நிறையும் குடும்பநல மாதுவால் கவனமாகப் பதிவட்டையில் எழுதப்படுகின்றன. இவ்வளவு ஒழுங்கான பதிவு பல நாடுகளில் கிடையாது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பிள்ளை பிறந்து தடுப்பூசிகள் தொடங்கியதும் எல்லோருடைய கவனமும் பிள்ளையின் அட்டைக்கு மாறிவிடுகிறது, தாயின் அட்டை பெட்டிக்குள் போய்விடுகிறது. சுனாமியிலும் இடம்பெயர்விலும் அந்த அட்டைகளையே இழந்த தாய்மார் சம்பூரிலும் ஈச்சிலம்பற்றிலும் நிறைய உண்டு.

பத்திரம் இல்லாவிட்டாலும் நினைவு இருக்கிறது. "எந்தப் பிள்ளைக்காவது கால் வீங்கிப் பிறசர் கூடிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினவையா?" என்று கேட்டால், கணவரின் மருந்துக்காக வந்தவர் தன் கதையைச் சொல்லத் தொடங்குவார், இத்தனை காலத்தில் அதை ஒருவரும் கேட்டதில்லை என்பார். அப்படிச் சொல்பவருக்கு அன்றே பிறசர் பார்த்து, சீனியும் கொழுப்பும் பரிசோதிக்கத் துண்டு எழுதிக் கொடுக்கும்படி வைத்தியரிடம் கேட்டுக்கொள்கிறேன். 35 வயதைக் கடந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனைகளை இலவசமாகச் செய்யும் சுகவாழ்வு நிலையங்களும் இருக்கின்றன. அங்கே ஆண்கள் போதுமான அளவு வருவதில்லை என்ற கவலை அடிக்கடி பேசப்படுகிறது, நியாயமான கவலைதான், ஆனால் வருகின்ற பெண்ணிடம் கர்ப்பகாலம் பற்றிக் கேட்காமல் அனுப்புவதும் அதே அளவு இழப்பு.

வேறொரு வகை இதயநோயும் இங்கே இருக்கிறது. சிறுவயதில் தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைந்த பெண்கள், மூன்று நான்கு கிழமைக்கொரு முறை பெனிசிலின் ஊசி போட வேண்டியவர்கள், திருமணம் பேசப்படும் வயதில் திடீரென ஊசிக்கு வராமல் நின்றுவிடுவதுண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் காரணம். பிறகு கர்ப்பமாகி, கூடிய இரத்த ஓட்டத்தைச் சுருங்கிய வால்வு தாங்காமல் மூச்சுமுட்டிக்கொண்டு வருவார்கள். இந்த ஒளிப்புக்குப் பெண்ணைக் குறை சொல்லும் எவரோடும் என்னால் உடன்பட முடியாது. அவளை ஒளிக்கவைக்கும் வீடுகளோடுதான் பேச வேண்டும்.

உணவைப் பற்றிப் பேசும்போது எங்கள் கரையோரத்தில் உப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாக, உப்புச் சேர்க்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் உள்ள சாப்பாட்டில் அந்த அளவு ஒரே நேரத்தில் கடந்துவிடும். கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கறியில் மேலும் உப்புப் போடாமல் சமைக்கலாம் என்று சொன்னால் கேட்கிறார்கள், சாப்பிடாதே என்றால் கேட்பதில்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் மூத்த தாய்மாரிடம், புகைக்காத புகையிலையும் இதயத்துக்குக் கேடு என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டுவது தெற்காசியப் பெண்களுக்கு எச்சரிக்கை என்பதையும், நிறை பார்ப்பதோடு நாடாவையும் பிடித்து அளந்து காட்டுகிறேன். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்வது சுலபம். வீட்டு வேலையே போதும் என்று சொல்லும் பெண்ணுக்கு, அந்த வேலையில் இதயம் வேகமாகத் துடிக்கும் அளவு தொடர்ந்து அசைவு இருப்பதில்லை என்பதை விளக்கி, பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு உட்துறைமுகக் கடற்கரை வீதியிலோ உப்புவெளிக் கரையிலோ நடக்க ஒரு நேரத்தை அவரோடு இருந்து குறித்துக் கொடுத்தால்தான் அது நடக்கிறது.

மருந்தை நிறுத்திவிடும் பழக்கம் பெண்களிடம் தனக்கே உரிய வடிவில் இருக்கிறது. பஸ் காசு ஒருவருக்குத்தான் போதும் என்றால் கணவரின் கொப்பி கிளினிக்குக்கு வரும், மனைவியுடையது வீட்டில் நிற்கும். விரத நாட்களில் குளிசையையும் சேர்த்து விடுபவர்கள் உண்டு. விரதம் பிடித்தாலும் குளிசையைத் தண்ணீரோடு எடுக்கலாம் என்று நான் சொல்வதைச் சிலர் இப்போது ஏற்கிறார்கள். நோன்பு காலத்துக்குச் சில வாரம் முன்னரே வந்து வேளைகளை மாற்றி எழுதிக்கொள்ளும்படி முஸ்லிம் சகோதரிகளிடம் சொல்லி வருகிறேன், வருகிறார்கள். பிள்ளை பெறும் வயதில் பிறசருக்கு லோசார்டன் போன்ற குளிசை எடுப்பவர்கள், கர்ப்பம் தரிக்க எண்ணினாலோ மாதவிடாய் தள்ளிப்போனாலோ உடனே வைத்தியரைக் கண்டு மருந்தை மாற்ற வேண்டும், தாமாக நிறுத்திவிட்டு இருக்கக்கூடாது என்பதை ஒவ்வொருவரிடமும் தனியே சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் இப்போது துணைக்கு வரும் பெண்களுக்கும் மருந்தாளரிடம் காத்திருக்கும் நேரத்தில் பிறசர் பார்க்கிறோம். புதிதாகக் கொப்பி தொடங்கும் பெண்ணின் முதற்பக்கத்தில், ஒவ்வாமைக்குக் கீழே, கர்ப்பங்களில் பிறசரோ சீனியோ இருந்ததா என்று ஒரு வரி எழுதுகிறோம். கணவரின் கொப்பியோடு வந்து தனக்கும் ஒரு கொப்பியோடு திரும்பும் பெண்களில் சிலர் அடுத்த தவணைக்கு வருவதில்லை. அவர்களின் பெயர்களை அந்தந்தப் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கொடுத்து, வீட்டுக்குப் போகும்போது ஒரு சொல் கேட்டுவிட்டு வரும்படி சொல்லியிருக்கிறோம்.