ஜனவரி 26-க்கு முன்பே கேட்டுவிடுங்கள்

ஜனவரி 26, அதாவது ஆஸ்திரேலியா தினம், சிட்னியில் நம்மவர்கள் பலருக்கு லீவு, பார்பிக்யூ, சிலருக்குக் குடியுரிமை வாங்கும் நாள். நம்மோடு வேலை பார்க்கும், நம் பிள்ளைகளோடு படிக்கும் பூர்வகுடி இளைஞர்களுக்கு அப்படி இல்லை. 1788-இல் ஆர்தர் ஃபிலிப் சிட்னி துறைமுகக் கரையில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிய நாள் அது. நிலம் பறிபோனதும், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனதும் அதற்குப் பிறகுதான். 1938-இல் ஊரே 150ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது பூர்வகுடித் தலைவர்களான ஜாக் பேட்டனும் வில்லியம் ஃபெர்குசனும் மற்றவர்களும் இதே சிட்னியில் கூடி அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள். ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4-ஐக் கரிநாளாகப் பார்த்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர்!

நான் ரோஸ்டர் போடும் கடையில் ஒரு பூர்வகுடித் தம்பி இருக்கிறான், பதினேழு வயது. ஜனவரி பிறந்ததும் கொடி அச்சடித்த காகிதத் தட்டு, தொப்பி, ஐஸ் பெட்டி எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அதை அடுக்கும் வேலையை அவன் தலையில் கட்டுவதில்லை. அன்றைக்கு வேலைக்கு வருகிறாயா, லீவு வேண்டுமா என்று முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிடுவேன். நாமாகவே லீவு என்று முடிவு செய்துவிடவும் கூடாது, ஏனென்றால் பொது விடுமுறைச் சம்பளம் அதிகம், அந்தக் காசு அவனுக்குத் தேவைப்படலாம், வேலையில் இருந்தால் மனசுக்கு நல்லது என்றும் நினைக்கலாம். வந்தால் கவுன்டரில் வேண்டாம், பின்னால் ஸ்டாக் பார்க்கட்டுமா என்று அதையும் அவனிடமே கேட்பேன். லீவு கேட்டால் காரணம் கேட்பதில்லை.

அப்புறம் தயவுசெய்து அந்தப் பிள்ளைகளை விவாதத்துக்கு இழுக்காதீர்கள். ஆஸ்திரேலியா தினத்தின் தேதியை மாற்றணுமா வேண்டாமா, நீ என்ன நினைக்கிறாய் என்று டீ இடைவேளையில் கேட்பது நமக்குச் சும்மா பேச்சு, அவர்களுக்கு அது தங்கள் பாட்டியின் கதை. பூர்வகுடி மக்கள் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஓர் அமைப்பு வேண்டுமா என்று கேட்ட 2023 வாக்கெடுப்பில் நாட்டில் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொன்னதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் இவர்கள். தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் நாமே படிக்கலாம், அல்லது அன்றைக்கு விக்டோரியா பார்க்கில் நடக்கும் யாபுன் விழாவுக்குப் போகலாம், பாட்டும் ஆட்டமும் பேச்சுமாக எல்லாரையும் வரவேற்கிற இடம்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. அந்த நாள் கோடை விடுமுறையின் கடைசியில் வருகிறது, பள்ளி கவுன்சிலரோ தெரிந்த டீச்சரோ பக்கத்தில் இருக்க மாட்டார்கள். 15 முதல் 24 வயது வரையிலான பூர்வகுடி இளைஞர்களின் மரணத்துக்கு முதல் காரணம் தற்கொலை என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். வழக்கமாகக் கலகலவென்று பேசுகிற பிள்ளை அந்த வாரம் ஒதுங்கியே இருந்தால், சாப்பிட்டாயா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், மறுநாளும் கேளுங்கள். உங்களிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் 13 யார்ன் என்ற உதவித் தொலைபேசி இருக்கிறது, எண் 13 92 76, 24 மணி நேரமும் எடுப்பார்கள், எடுப்பவர்களும் பூர்வகுடி மக்கள்தான். எங்கள் கடையில் ரோஸ்டர் பக்கத்திலேயே அதை ஒட்டி வைத்திருக்கிறேன்.