மாநிலம் வாதியாக நிற்கும் வழக்கு

நான் உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, பாதை உரிமை, இவைதான் அன்றாடம். முல்லைப் பெரியாறு அணை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2014 மே 7 தீர்ப்பை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு 142 அடி நீர்மட்டம் மட்டும் காரணமல்ல. அது ஓர் அசல் வழக்கு, அதாவது மேல்முறையீடாக வராமல் நேரே உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு: எண் 3/2006. தமிழ்நாடு வாதி, கேரளம் பிரதிவாதி. பிராது, எதிருரை, எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்), சாட்சி விசாரணை என்று முன்சீப் கோர்ட்டில் நடப்பதெல்லாம் அங்கேயும் நடந்தது. முடிவில், கேரளம் 2006-இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம் அந்த அணையைக் கட்டுப்படுத்தாது, செல்லாது என்றார்கள்.

வழி திறந்தது அரசமைப்புச் சட்டத்தின் 131-ஆவது உறுப்பு. ஒன்றிய அரசும் மாநிலமும், அல்லது மாநிலங்கள் தங்களுக்குள், சட்ட உரிமை பற்றி மோதினால் உச்ச நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கலாம். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் ஃபெடரல் கோர்ட்டுக்கு இருந்த அதிகாரத்தின் தொடர்ச்சி இது. அரசு அல்லாத ஆளைச் சேர்த்தால் வழக்கு நிற்காது. கண்டக் பாசனத் திட்டத்துக்கு வந்த இரும்பு குறைந்துவிட்டது என்று பீகார் போட்ட வழக்கு, இந்துஸ்தான் ஸ்டீல் நிறுவனத்தையும் பிரதிவாதியாக்கியதால் அடிபட்டது. நதிநீர்ப் பங்கீடு தீர்ப்பாயத்துக்குப் போய்விடும். காவிரி அப்படித்தான் போனது.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. ஒன்றியச் சட்டமே செல்லாது என்று மாநிலம் இந்த வழியில் கேட்கலாமா? மத்தியப் பிரதேச வழக்கில் 2011-இல் இரு நீதிபதிகள், கூடாது, உறுப்பு 32-இன் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கோ 226-இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கோ ரிட் மனுவோடு போ என்றார்கள். பிறகு ஜார்க்கண்ட் - பீகார் வழக்கில் வேறு இருவர் அதை ஏற்காமல் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள்.

நான் பின்னவர்கள் பக்கம். 32 அடிப்படை உரிமைக்கான பரிகாரம். மாநில அரசுக்கு ஏது அடிப்படை உரிமை? நிலக்கரி நிலங்களைக் கையகப்படுத்தும் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து மேற்கு வங்கம் இதே வழியில்தான் வந்தது. 1962 டிசம்பரில் தோற்றது, நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். ஆனால் சட்டம் செல்லுமா என்பதை விசாரித்தே முடிவு சொன்னார்கள். கேரளச் சட்டத்தை 131-இல் உரசிப் பார்க்கலாம், நாடாளுமன்றச் சட்டத்தைக் கூடாது என்றால் கூட்டாட்சிக்கு என்ன பொருள்?

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2020-இல் கேரளம் போட்ட அசல் வழக்கிலும் இதுதான் முதல்நிலை எழுவினா. அதைப் பெரிய அமர்வு தீர்த்துவைக்கட்டும். கேரளம் சொல்வது சரியா தவறா என்பது அடுத்த எழுவினா.