வேல்ஸுக்கு வரும் பாட்டுக்கார வீடுகளுக்கு

கார்டிஃப், ஸ்வான்சீ, நியூபோர்ட் ஆஸ்பத்திரிகளில் வேலை கிடைத்து வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் சில மாதங்கள் வீடு, பள்ளிக்கூடம், டிரைவிங் லைசென்ஸ் என்றே ஓடிவிடும். அந்த ஓட்டம் அடங்கிய பிறகுதான் அக்கம்பக்கத்தில் ஒருவரையும் தெரியாது என்பது உறைக்கும். வீட்டில் பாடுகிறவர் ஒருவர் இருந்தால் வேல்ஸில் அதற்குக் கைமேல் பலன் தரும் வழி கொயர் என்னும் கூட்டுப் பாடற்குழுதான். ஊருக்கு ஊர் ஒன்று உண்டு. சுரங்கப் பள்ளத்தாக்குகளில் நிலக்கரி போய்விட்டது, ஆண்கள் கொயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1883-இல் தொடங்கிய ட்ரியோர்க்கி கொயரும் 1935-இல் தொடங்கிய மாரிஸ்டன் ஆர்ஃபியஸும் இன்றும் பாடுகின்றன. உறுப்பினர்களுக்கு வயதாகிவருவதால் பல கொயர்கள் புதுக் குரல்களைத் தேடிக்கொண்டே இருக்கின்றன.

சேருவது சுலபம். கொயரின் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு ஒத்திகைக்குப் போய் உட்கார்ந்து கேட்கலாம். பெரும்பாலும் வாரத்தில் ஒன்றிரண்டு மாலைகள், ஏழு மணிவாக்கில் ஆரம்பித்து இரண்டு மணி நேரம். சமூகக் கொயர்களில் குரல் சோதனையே கிடையாது. ஆண்கள் கொயர்களில் உண்டு, ஆனால் அது கச்சேரி இல்லை. நடத்துநர் பியானோவில் அரை அரைச் சுரமாக ஏறி இறங்கி, குரல் எங்கே முடிகிறது என்று பார்ப்பார். ஆலாபனை தயார்செய்துகொண்டு போக வேண்டாம். அகாரத்தில் நேராகப் பாடினால் போதும்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் தம் கட்டையை வைத்தே எந்தப் பிரிவில் நிற்போம் என்று ஓரளவு கணிக்கலாம். பெண்களுக்கு 5 கட்டை என்றால் ஆதார சட்ஜம் பியானோவின் நடு ஸிக்குக் கீழேயிருக்கும் ஜி. மந்தர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை பாடும் குரல் ஆல்டோ என்னும் தாழ்ந்த பெண்குரல் வரிசைக்குக் கச்சிதமாக உட்காரும். உயர்ந்த பெண்குரலான சொப்ரானோ வரிசையோ சாதாரண வழிபாட்டுப் பாடல்களிலேயே தார தைவதம், நிஷாதம் வரை போகும். பெரிய படைப்புகளில் அதற்கு மேலும் ஒரு ரிஷபம் ஏறும். நெஞ்சுக் குரலிலேயே அங்கே ஏற முயன்றால் தொண்டை கட்டிக்கொள்ளும். தலைக் குரலைத் தனியாகப் பழகாமல் சொப்ரானோ கேட்டு வாங்காதீர்கள். ஆண்களில் 1 கட்டைக் குரல் நடுத்தரமான பாரிடோன் அல்லது அதற்கு மேலான இரண்டாம் டெனருக்குப் போகும். 2 கட்டையில் தார பஞ்சமம் சுகமாக நிற்கிறது என்றால் எல்லாவற்றுக்கும் மேல் வரிசையான முதல் டெனர். கொயர் உலகில் முதல் டெனர் கிடைப்பது அரிது, கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள்.

உண்மையான சிரமம் அதற்குப் பிறகு வருகிறது. நம் பாட்டில் சுரத்துக்கு உயிர் அதன் அசைவில் இருக்கிறது. இங்கே நாற்பது பேர் ஒரே சுரத்தில் நிற்கும்போது ஒருவர் மட்டும் காந்தாரத்தை அசைத்தால் அந்த ஒலிச்சேர்க்கையே கலங்கிப்போகும். அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போவதும் அப்படித்தான். கமகத்தை விடுவது மனசுக்கு வலிக்கும் வேலை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜண்டை வரிசையை எந்த அசைவும் இல்லாமல், ஒவ்வொரு சுரத்தையும் நான்கு அட்சரம் நிறுத்தி, பியானோ சுருதிக்குப் பாடிப் பழகுவது நல்ல பயிற்சி. இரண்டாவது சிக்கல் தம்புரா இல்லாதது. வாத்தியமில்லாமல் பாடும்போது கொயரின் சுருதி மெல்ல இறங்கும், பெரும்பாலும் ஆரோகணத்தில் காந்தாரமும் நிஷாதமும் சோர்வதால்தான். அங்கே நம் காது உதவும். ஆனால் எல்லோரும் இறங்கும்போது நாம் மட்டும் சரியான சுருதியில் நின்றால் தனியாகத்தான் தெரிவோம். இறங்குவது தெரிந்தால் பக்கத்தில் நிற்பவரோடு இறங்குங்கள். இடைவேளையில் நடத்துநரிடம் சொல்லுங்கள்.

ஐந்து கோட்டு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது என்று பலர் தயங்குகிறார்கள். வேல்ஸின் பழைய கொயர்களிலும் சிற்றாலயங்களிலும் அதற்கு இணையாக வேரூன்றியது டானிக் சோல்ஃபா. இங்கிலாந்துப் பாதிரியார் ஜான் கர்வன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பிய முறை இது. சுரங்கத் தொழிலாளிகள் இதைக் கொண்டே ஹேண்டலின் பெரிய கூட்டிசைப் பாடல்களைக் கற்றார்கள். டோ, ரே, மி என்பதன் முதலெழுத்துகள்தான் குறியீடு. டோ எந்தக் கட்டையிலும் இருக்கலாம், நம் சட்ஜம் மாதிரியே. இரு புள்ளிகள் தாளத்தின் தட்டுகளைப் பிரிக்கும், நேர்கோடு ஆவர்த்தனம் மாதிரி அளவைப் பிரிக்கும், சிறு கோடு வந்தால் சுரம் நீள்கிறது. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேற்பக்கமும் கீழ் ஸ்தாயிக்கு அடியிலும் ஒரு சிறு குறி. சுரம் அரை ஏறினால் உயிரொலி மாறும்: ஃபா என்பது ஃபீ ஆகும்.

கர்நாடகக் காது இரண்டு இடங்களில் தடுக்கும். மைனர் என்னும் மேற்கத்திய சுரவரிசையில் அமைந்த பாட்டுக்கு வீடு டோ இல்லை, லா. சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதாரமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் நடபைரவி வருமே, அதே சங்கதிதான். அந்த ஆதாரத்தை ச என்று மனசில் பாடாமல் லா என்றே பாடப் பழகினால் குழப்பம் தீரும். இன்னொன்று, பாட்டின் நடுவில் டோவே இடம் மாறுவது. அந்த இடத்தில் பழைய பெயரையும் புதிய பெயரையும் அடுத்தடுத்து அச்சிட்டிருப்பார்கள். பழைய பெயரால் சுரத்தைப் பிடித்து, புதிய பெயரைச் சொல்லிக்கொண்டு மேலே போக வேண்டும். பழைய சட்ஜத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்த வரி முழுவதும் போய்விடும்.

பாதிப் பாடல்கள் வெல்ஷில் இருக்கும். ஆண்கள் கொயர்களில் காகிதம் இல்லாமல் மனப்பாடமாகவே பாடுவார்கள். பயப்பட வேண்டாம், எழுத்தும் உச்சரிப்பும் பெரும்பாலும் ஒத்துப்போகும் மொழி அது. இரட்டை டி வந்தால் நம் "அது"வில் ஒலிக்கும் மென்மையான து. எஃப் ஒற்றையாக வந்தால் வ, இரட்டையாக வந்தால் ஃப. டபிள்யூ பல இடங்களில் உகரம். இரட்டை எல் மட்டும் பயிற்சி கேட்கும்: ல சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் இல்லாமல் ஓரத்தால் காற்றை விடுங்கள். முதலில் தேசிய கீதத்தை மனப்பாடம் செய்யுங்கள். பான்டிபிரித் ஊரில் 1856-இல் தந்தையும் மகனுமாகப் படைத்தது, கச்சேரி முடிவில் எல்லோரும் எழுந்து பாடுவது.

நம்மவர்கள் அவசியம் கேட்க வேண்டிய ஒன்று கெர்த் டாண்ட். யாழ் போன்ற தந்தி வாத்தியமான ஹார்ப் ஒரு மெட்டைத் தொடங்கி வாசிக்கும். பாடகர் சில அளவுகள் விட்டு, வேறொரு மெட்டில், ஒரு கவிதையைப் பாடிக்கொண்டு உள்ளே வருவார். இரண்டும் ஒரே இடத்தில் முடிந்தாக வேண்டும். எடுப்பு தள்ளியிருக்கிறது, முடிவு பிசகக் கூடாது. தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவிக்கு வந்து சேருவதை ரசிப்பவருக்கு இதில் எங்கே உயிர் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். இதற்கென்றே நவம்பரில் ஒரு விழா நடக்கிறது. வட வேல்ஸில் பான்ட்கிளாஸ் பக்கத்து ஆட்டுப் பண்ணையில் பிறந்து உலக ஆப்பரா மேடைகளுக்குப் போன பிரின் டெர்ஃபல் சிறுவயதில் பாடிப் பழகியது இந்த மாதிரிப் போட்டிகளில்தான்.

ஹார்ப்புக்கு வருவோம். பள்ளியில் ஒரு தடவை தொட்ட குழந்தை வீட்டுக்கு வந்து கேட்கும். உடனே வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். தொடக்கத்துக்கு 34 தந்திகள் கொண்ட லீவர் ஹார்ப். பெரும்பாலும் ஈ ஃப்ளாட்டில் சுருதி சேர்த்து, தேவைப்படும் தந்தியின் லீவரைத் தூக்கி அரைச் சுரம் ஏற்றுவார்கள். பெடல் ஹார்ப்பில் 47 தந்திகள், 7 பெடல்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள், எடை ஏறக்குறைய 40 கிலோ. அதை வாங்குமுன் காரின் பின்கதவை அளந்துகொள்ளுங்கள். புது லீவர் ஹார்ப்பே சில ஆயிரம் பவுண்டு, பெடல் ஹார்ப் பத்தாயிரத்தைத் தாண்டும். வீட்டுக் காப்பீடு வெளியில் எடுத்துப்போகும் வாத்தியத்தைத் தானாகக் காக்காது, தனியாகப் பார்க்க வேண்டும்.

சிவப்புத் தந்தி ஸி, கறுப்பு அல்லது நீலம் எஃப். மற்றதெல்லாம் இவற்றை வைத்து எண்ணுவதுதான். சுண்டுவிரல் வேலை செய்யாது. மற்ற நான்கு விரல்களும் தந்தியை விட்டதும் உள்ளங்கைக்குள் மடங்க வேண்டும். வீணை பழகிய பிள்ளைகள் நகத்தால் மீட்டுவார்கள், இங்கே நகம் பட்டால் தந்தி கரகரக்கும், வெட்டிவிட வேண்டும்.

தந்தி அறுவதற்கு முக்கியக் காரணம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் ரேடியேட்டர் ஓடும்போது அறை வறண்டு, இரவு அணைந்ததும் மாறும். குடலால் செய்த நடுத் தந்திகள் அந்த மாற்றத்தைத் தாங்காது. ரேடியேட்டரையும் ஜன்னலையும் விட்டுத் தள்ளி வையுங்கள், ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும், ஒரு சின்ன மானி போதும். அறுந்த தந்திக்கு ஆர்டர் கொடுக்கும்போது ஸ்தாயி எண் மேலிருந்து கீழாக எண்ணப்படும் என்பதை மறக்க வேண்டாம். லீவர் ஹார்ப்புக்குப் பெடல் ஹார்ப்பின் கனத் தந்தியைப் போட்டால் இழுவிசை கூடி மரத்தைப் பாதிக்கும். புதுத் தந்தி சில நாள்கள் நீண்டுகொண்டே இருக்கும், தினமும் சுருதி சேர்க்க வேண்டும். வாசிக்காத நேரத்தில் லீவர்களை இறக்கி வையுங்கள். பெடல் ஹார்ப்பில் எல்லாப் பெடல்களையும் ஃப்ளாட் நிலைக்குத் தூக்கி விடுங்கள்.

வாய்ப்பிருந்தால் மூவரிசை ஹார்ப்பை நேரில் பாருங்கள். வெளி வரிசைகள் இரண்டிலும் ஒரே சுரங்கள், நடு வரிசையில் விகிருதி சுரங்கள். வெளித் தந்திகளின் இடைவெளியில் விரலை நுழைத்துத்தான் அதைத் தொட வேண்டும். அருகிப்போயிருந்த அதைக் காப்பாற்றியவர்களில் பெரியவர் நான்சி ரிச்சர்ட்ஸ் (1888–1979).

இதைத் தொழிலாக எடுக்க நினைக்கும் பிள்ளைக்கு நிலைமையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நிரந்தர ஹார்ப் ஒன்றுதான். 2000-இல் வேல்ஸ் இளவரசருக்கென மீண்டும் ஏற்படுத்தப்பட்டு இப்போது மன்னருடையதாகிவிட்ட அரச ஹார்ப் பதவி கேட்ரின் ஃபின்ச்சில் தொடங்கி ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே போகிறது. மற்றவர்கள் கல்யாண வீடு, பள்ளிப் பாடம், பதிலாள் வேலை என்று சேர்த்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். வெல்ஷ் நேஷனல் ஆப்பராவின் கோரஸ் மாதிரிச் சம்பள வேலைகளே குறைவு, அவையும் 2022-க்குப் பிறகான நிதிவெட்டில் ஆட்டம் கண்டன. கார்டிஃப் ஹாடினாட் அரங்கில் பாடும் பிபிசியின் தேசியக் கோரஸுக்குத் தேர்வு கடினம், ஆனால் பாடுகிறவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். மருத்துவராகவோ கணக்கராகவோ இருந்துகொண்டே அந்தத் தரத்தில் பாடலாம் என்பதை நம் வீடுகளில் நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

விசாவையும் பாருங்கள். கொயரில் தொண்டாகப் பாடத் தடையில்லை. வேலை விசாவில் இருப்பவர் கச்சேரிக்குப் பணம் வாங்குமுன் தன் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். அவருடைய துணைவருக்குச் சுயதொழில் செய்ய அனுமதி உண்டு. கார்டிஃப் ராயல் வெல்ஷ் கல்லூரிக்கான இசை விண்ணப்பம் சேர்வதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், மற்றப் படிப்புகள் மாதிரி ஜனவரி வரை நேரமில்லை. உள்ளூர்க் கட்டணத்துக்கு மூன்றாண்டு வசிப்போடு நிரந்தர வசிப்புரிமைத் தகுதியும் பொதுவாகக் கேட்பார்கள். அது இல்லாத பிள்ளைக்கு வெளிநாட்டுக் கட்டணம், பல மடங்கு. இதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு 1922-இல் தொடங்கிய இர்த் இளைஞர் இயக்கம். அதன் ஐஸ்டெத்வாட் போட்டிகள் வட்டார அளவில் தொடங்கி, மே மாத இறுதிப் பள்ளி விடுமுறையில் தேசிய மேடைக்குப் போகும். பெற்றோருக்கு வெல்ஷ் தெரிய வேண்டியதில்லை. வெல்ஷைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் எந்தப் பாட்டு என்பது முன்கூட்டியே வெளிவரும். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் இசை ஆசிரியரிடம் அந்தப் பட்டியலைக் கேளுங்கள், உறுப்பினர் சந்தாவையும் அப்போதே கட்டிவிடுங்கள்.