பெருக்கி, தண்ணீர் தெளித்து

செவ்வாயும் வியாழனும் எனக்கு வேலை ஒரு யூத ஜெப ஆலயத்தில். நியூ ஜெர்சியில் ஹைலண்ட் பார்க் என்ற சின்ன ஊர். ஒரு பக்கம் ராரிட்டன் ஆறு, அதைத் தாண்டினால் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம் எடிசன், நம்மவர்கள் நிறைந்த ஊர். எடிசனில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் வண்டி ஓட்டினால் போதும், சனிக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக ஜெப ஆலயத்துக்கு நடந்து போகிறவர்களைப் பார்க்கலாம். ஓய்வுநாளில் காரைத் தொடாதவர்கள் இங்கே நிறையப் பேர்.

நான் சமூகப் பணி படித்து உரிமம் வாங்கியவள். ஒரு யூதக் குடும்பநல அமைப்பு சம்பளம் கொடுத்து என்னை அந்த ஆலயத்தில் உட்கார வைத்திருக்கிறது. "நீ கோயிலுக்குப் போற பிள்ளையாச்சே, அங்க உனக்கு என்ன வேலை?" என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. போனில் சொல்லி முடிவதாக இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

2018 அக்டோபர் 27, ஒரு சனிக்கிழமை காலை, பிட்ஸ்பர்க் நகரின் 'ட்ரீ ஆஃப் லைஃப்' ஜெப ஆலயத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து 11 பேரைக் கொன்றான். அதிலிருந்து எங்கள் ஆலய வாசலிலும் காவலர் நிற்கிறார். அவர் ஏன் நிற்கிறார் என்று குழந்தைகள் கேட்டார்கள். பெரியவர்களுக்குத் தூக்கம் போயிற்று. ஆலயத்தின் மதகுருவான ரபியின் அறைக்கு முன்னால் எந்நேரமும் ஆட்கள் காத்திருந்தார்கள். பிரார்த்தனை, கல்யாணம், சாவு என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிற மனிதர் அவர். இதற்கென்றே படித்த ஒருவர் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே வேண்டும் என்று அவர் கேட்டுத்தான் என் வேலை உருவாயிற்று. 2019-இல் சேர்ந்தேன்.

முதலில் கொடுத்த அறை, பிள்ளைகள் எபிரேயம் படிக்கிற வகுப்புகளுக்கு எதிரில். நல்ல வெளிச்சமான அறை. ஆனால் யார் என் கதவைத் திறக்கிறார்கள் என்று பிள்ளையை அழைக்க வந்த பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதத்தில் நான்கு பேர்தான் வந்தார்கள். அப்புறம் நூலகத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு பழைய அறையைக் கேட்டு வாங்கினேன். அந்தப் பக்கம் போகிறவர் புத்தகம் எடுக்கப் போகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள்.

இத்திஷ் மொழியில் 'ஷாண்டா' என்று ஒரு சொல் உண்டு. குடும்பத்துக்கே தலைக்குனிவு என்று அர்த்தம். எண்பது வயதுப் பாட்டிகள் அதைத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்று வெளியே தெரிந்தால் அடுத்தவளுக்கு வரும் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம், ஆசாரமான குடும்பங்களில் இன்றைக்கும் இருக்கிறது. அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது சொல்லப்போகும் அம்மாவிடம் இதை மொழிபெயர்த்துப் படித்துக் காட்டிவிட்டேன். அடையாளம் தெரிகிற விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆறு வாரம் தினமும் சாயங்காலம் வாசலில் சாப்பாடு வந்து இறங்கியது. யார் எந்த நாள், வீட்டில் யாருக்கு எது ஒவ்வாது என்று ஆலயத்தில் ஒரு பட்டியலே ஓடியது. ஃப்ரீசர் நிரம்பிப் பக்கத்து வீட்டு ஃப்ரீசரிலும் வைத்தார்களாம். இரண்டு வருடம் கழித்து அவருடைய 19 வயது மகனை இருமுனைக் கோளாறு என்று மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று வாரம். ஒருவரும் வரவில்லை. ராத்திரிக்குக் கார்ன் ஃபிளேக்ஸும் பாலும் சாப்பிட்டதாகச் சொன்னார்.

"என் மார்புக்கு வந்த சூப், என் பிள்ளையின் தலைக்கு வரவில்லை."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது, ஏனென்றால் என் மனசு அப்போது பாளையங்கோட்டைக்குப் போய்விட்டது. சித்தப்பாவுக்கு பைபாஸ் ஆனபோது வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் பதினாலு இருந்தது. சாத்துக்குடி வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அவரே நான்கு வருடம் கழித்து மனச்சோர்வில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சித்தி என்னிடம் போனில் சொன்னது இது: "யாரும் வந்துரக் கூடாதேன்னுதான் இருந்தேன். ஆனா ஒருத்தர்கூட வரலையே."

இந்த ஆலயத்தில் இருப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. நோயாளியைப் போய்ப் பார்ப்பதை 'பிக்கூர் ஹோலீம்' என்று சொல்லிக் கடமையாகவே வைத்திருப்பவர்கள். பார்க்கப் போகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்கிறது அவர்களுடைய பழைய வேத விளக்க நூலான தல்மூத். பகலின் முதல் மூன்று மணியிலும் கடைசி மூன்று மணியிலும் போகாதே என்றுகூட அதில் இருக்கிறது: காலையில் நோயாளி தெளிவாகத் தெரிவார், இனி பிரார்த்தனை எதற்கு என்று விட்டுவிடுவாய்; சாயங்காலம் வாடித் தெரிவார், நம்பிக்கையை விட்டுவிடுவாய். இத்தனை நுணுக்கமாக யோசித்தவர்களின் பிள்ளைகள் மனநல வார்டுக்கு மட்டும் ஏன் போகவில்லை என்று அவர்களிடமே கேட்டேன். ஒருவர் உண்மையைச் சொன்னார்: "போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை."

ரபியிடம் போய் இதைச் சொன்னேன். அவர் இரண்டு பக்கங்களை எடுத்துக்கொண்டு வந்தார்.

முதலாவது ரபி அகிவாவின் கதை. அவருடைய மாணவர் ஒருவர் நோயில் கிடக்கிறார். அறிஞர்கள் யாரும் பார்க்கப் போகவில்லை. அகிவா போகிறார். அங்கே நோயாளியின் முன்னால் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறார்கள். மாணவர் பிழைத்துக்கொண்டு, "ரபி, எனக்கு உயிர் கொடுத்துவிட்டீர்கள்" என்கிறார். வெளியே வந்த அகிவா, நோயாளியைப் பார்க்கப் போகாதவன் ரத்தம் சிந்தியவனைப் போன்றவன் என்று போதிக்கிறார். பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள் என்று ஆங்கிலத்தில் படித்ததும் எனக்கு விடியற்காலை வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டது. வாளியும் கையுமாக ஆச்சி நிற்பது தெரிந்தது.

இரண்டாவது, யோசேப் காரோ தொகுத்து 1565-இல் வெனிஸ் நகரில் அச்சான ஷுல்ஹான் ஆரூஹ் என்ற சட்டநூல். அதில் ஒரு விதி: பேசுவதே சிரமமாக இருக்கிற நோயாளியிடம், பார்த்தால் கூச்சப்படுகிற நோயாளியிடம் உள்ளே போகாதே. வெளியறையில் நின்று, எப்படி இருக்கிறார், பெருக்கித் தண்ணீர் தெளிக்க வேண்டுமா என்று விசாரி.

அந்த வெளியறையை வைத்துத்தான் நாங்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். சமைக்கவும் வண்டி ஓட்டவும் துக்க வீட்டுக்குக் குள்ள நாற்காலி கொண்டுபோகவும் ஆலயத்தில் ஏற்கெனவே ஒரு குழு உண்டு. அவர்களில் ஒன்பது பேர் முன்வந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். நோயின் பெயரைக் கேட்காதீர்கள். வைட்டமின் சொல்லாதீர்கள் (ஒருவர் சொல்லியிருந்தார், அந்த வீட்டுக்காரர் மறுபடி கதவைத் திறக்கவில்லை). வேலை செய்யப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போங்கள். பேச்சு வந்தால் வரட்டும். துக்க வீட்டில் துக்கப்படுகிறவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஏழு நாளும் அப்படித்தான். அதனால் இது அவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஓய்வுநாள் என்று பார்க்காமல் 988 என்ற மனநல அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதை மட்டும் ரபியே சபை முன்னால் நின்று சொன்னார். உயிரைக் காக்க சப்பாத் என்ற அந்த ஓய்வுநாளை மீறலாம், மீறத்தான் வேண்டும் என்பது அவர்களுடைய பழைய சட்டம்.

நானும் சமைக்க ஆசைப்பட்டேன். ஆனால் என் வீட்டு அடுப்பில் செய்ததை அவர்கள் சாப்பிட முடியாது. கோஷர், அதாவது யூத உணவு விதிகளின்படி நடக்கிற சமையலறையில்தான் செய்ய வேண்டும். அதனால் ஒரு வியாழன், ஆலயச் சமையலறையில் ரசம் வைத்தேன். கூட நின்ற அம்மாளுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். கொத்தமல்லியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு கொத்தாக எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து, பூச்சி இருக்கிறதா என்று கண்ணாடியை மேலேற்றிப் பார்த்தார். ஒரு கட்டுக்கு இருபது நிமிடம். நெய்யில் தாளித்தால் பால் பக்கம் சேர்ந்துவிடும், இறைச்சியோடு பரிமாற முடியாது, எண்ணெயில் தாளித்தேன். நான் கொண்டுபோன பெருங்காய டப்பாவில் கோஷர் முத்திரை இல்லை, அது பைக்குள்ளேயே இருந்துவிட்டது. அடுப்பைப் பற்ற வைத்தது அவர், மற்றதெல்லாம் நான். பெருங்காயம் இல்லாத ரசம்தான், ஆனாலும் மிளகு வாசனைக்கு நூலகத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு முறை ஆலோசனைக்கு 150, 200 டாலர் சாதாரணம். காப்பீட்டை ஏற்காத மருத்துவர்கள் நிறைய. எங்கள் அமைப்பில் வருமானத்துக்கு ஏற்றபடி வாங்குகிறோம். அதற்கும் முடியாதவர்களுக்கு ரபியின் கையில் ஒரு நிதி உண்டு. யாருக்குக் கொடுத்தார் என்று எனக்குக்கூடச் சொல்ல மாட்டார். வட்டியில்லாக் கடன் கொடுக்கிற சங்கங்களும் இவர்களிடம் உண்டு. நியூ யார்க்கில் ஒன்று 1892-இலிருந்து நடக்கிறது. தானத்தை எட்டுப் படியாகப் பிரித்த இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ், கடனோ கூட்டோ வேலையோ கொடுத்து ஒருவனைக் கையேந்தாமல் நிற்கவைப்பதைத்தான் உச்சிப் படியில் வைத்தார். கடன் என்றால் வாங்குகிறவர் நிமிர்ந்து வாங்குகிறார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை பிரார்த்தனையில் நோயாளிகளின் பெயரைச் சொல்கிற நேரம் ஒன்று வரும். பெயரோடு தாயின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள், இன்னாள் மகன் இன்னான் என்று. அந்தப் பிரார்த்தனையில் ஆன்மாவின் சுகம் முதலில் வரும், உடலின் சுகம் அடுத்துதான். அந்த அம்மா ஒன்றரை வருடம் மகன் பெயரைச் சொல்லாமலே உட்கார்ந்திருந்தார். சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை எழுந்து நின்று சொன்னாராம். நான் அங்கே இல்லை. செவ்வாய்க்கிழமை நான்கு பேர் தனித்தனியாக வந்து என்னிடம் சொன்னார்கள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு தாய்மார் எழுந்து நின்றார்களாம்.

கொத்தமல்லி பார்த்த அம்மாள்தான் அந்த வீட்டுக்குப் போகிறார். செவ்வாய்தோறும் பத்து மணிக்கு. உலர்ந்த துணியை மடிப்பார், சிங்கில் கிடப்பதைக் கழுவுவார், தட்டில் கிளமெண்டைன் பழம் வைப்பார். பையன் மாடியில். முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். பதினோராவது வாரம் அவன் கீழே இறங்கி வந்தான். ஒரு பழத்தை எடுத்துக்கொண்டான், "அந்த நீலத் துண்டு என்னுடையது" என்றான், மேலே போய்விட்டான். அம்மாள் அதை என்னிடம் சொல்லும்போது நீலத் துண்டை எப்படி மடித்தார் என்று கையால் காட்டினார்.

ஜூன் கடைசியில் பாளையங்கோட்டைக்குப் போகிறேன். சித்தப்பா இன்னும் அந்த அறையில்தான். "அவர் வெளியே வராட்டாலும் பரவாயில்ல சித்தி, நான் அடுக்களையில இருந்துக்கிடுதேன்" என்றேன். சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, வா. சின்ன வெங்காயம் ஒரு மூட்டை கிடக்கு. உரிக்க ஆளில்ல."