ராகி அறுக்கும்வரை நிலத்தை அளக்க முடியாது: மலைப்பக்கம் குடிவருகிறவர்களுக்கு

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வாங்கிக் குடியேறுகிறவர்கள் இப்போது நிறைய. முழு சர்வே எண்ணையும் வாங்கியவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் பட்டா பெரும்பாலும் சிரமமில்லாமல் மாறிவிடும். ஒரு சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் வாங்கி, உட்பிரிவு செய்து தனிப்பட்டா எடுக்க வேண்டியவர்களுக்குத்தான் இந்தப் புலம்பல். எனக்கு ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

முதல் முட்டுக்கட்டை வட்டத்தின் பெயரில் வந்தது. அஞ்செட்டி முன்பு தேன்கனிக்கோட்டை வட்டத்தில் இருந்தது, இப்போது தனி வட்டம். பழைய பத்திரத்தில் தேன்கனிக்கோட்டை என்றுதான் இருக்கும். விண்ணப்பம் போட்டுக்கொடுத்த கணினி மையத்துக்காரர் பத்திரத்தைப் பார்த்து அதையே தேர்வு செய்தார். அதே பெயரில் அங்கேயும் ஒரு கிராமம் இருந்ததால் கணினியும் வாய் திறக்கவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி, கட்டிய 60 ரூபாயும் போச்சு, காத்திருந்த நாளும் போச்சு. பணம் கட்டுவதற்கு முன் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் நான்கையும் நீங்களே திரையில் பார்த்துவிடுங்கள். மையத்துக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

மூலப்பத்திரங்கள் இன்னும் வேடிக்கை. 1965 அக்டோபருக்கு முந்தையதில் சேலம் மாவட்டம், அதன்பிறகு 2004 பிப்ரவரி வரை தருமபுரி மாவட்டம், அப்புறம் கிருஷ்ணகிரி. மாவட்டப் பெயர் மாறியதால் நிலம் கைமாறிவிடாது. ஆனால் சர்வே எண் இடையில் மாறியிருக்கிறதா என்று ஏ-பதிவேட்டோடு, அதாவது சர்வே எண் வாரியான கிராம நிலப் பதிவேட்டோடு, ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும். அதை இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

வில்லங்கச் சான்று, ஆதார், பத்திர நகல் எல்லாம் வழக்கம்போல, சிக்கலில்லை. சிக்கல் நிலத்தை அளப்பதில்.

விண்ணப்பம் போட்டது ஐப்பசியில். சர்வேயரும் வர ஒத்துக்கொண்டார். பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார்: "என்னா அவசரம் சார், ராகி அறுத்துரட்டும்." அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆடி, ஆவணியில் விதைத்த ராகி கார்த்திகை, மார்கழி வரை வயலில் நிற்கும். முற்றின கதிருக்கு நடுவே சங்கிலி இழுத்தால் மிதிபடும் தானியத்துக்கு யார் பொறுப்பு? சரி, ராகி அறுத்தாச்சு, இனி அளக்கலாம் என்று போனால் ராகிக்கு நடுவே சாலாக விட்ட துவரையும் அவரையும் அப்படியே நிற்கும். அது கழிய தை முடிந்துவிடும். அதற்கு முன் போய் நின்றால், எல்லையில் கையெழுத்துப் போட வேண்டிய நாலு பக்கத்துக்காரர்களில் இரண்டு பேரையாவது பகைத்துக்கொள்வீர்கள். காலம் முழுக்க அவர்களோடுதான் வரப்பைப் பகிர்ந்துகொள்ளப் போகிறீர்கள்.

ஆக, அளக்க வசதியான காலம் மாசி, பங்குனி. நிலம் வெறுமையாக இருக்கும், எல்லைக்கல் கண்ணில் படும். கல் காணவில்லையென்றால் பதறாதீர்கள். பல இடங்களில் உழவில் சாய்ந்து மண்ணுக்குள் கிடக்கும். எல்லை அளவுகள் காட்டும் புலப்படத்தின் நகலை முன்கூட்டியே எடுத்து, ஊரில் வயதானவர் ஒருவரை அழைத்துப்போய்க் கடப்பாரையால் குத்திப் பார்த்தால் பாதிக் கல் கிடைத்துவிடும். இதைச் சர்வேயர் வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கல் தேடியே பொழுது போய்விட்டால் அவர் அடுத்த கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார், மறுபடி எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

மாசி, பங்குனியிலும் எல்லா நாளும் கிடைக்காது. இந்தப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற குடும்பங்கள் அதிகம் என்பதால் சித்திரை முதல் தேதியைவிட யுகாதிதான் பெரிய பண்டிகை. ஊர் மாரியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எந்தப் புதுக்காரியத்தையும் தொடங்க மாட்டார்கள், வெளியூர் போய்த் தங்கவும் மாட்டார்கள். காப்பு கட்டும் தேதியைப் பூசாரியிடமோ டீக்கடையிலோ முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தை நாளில் ஆள் கிடைக்காது: குந்தாரப்பள்ளி வெள்ளி, போச்சம்பள்ளி ஞாயிறு என்பதுபோல ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கிழமை உண்டு. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அன்று நீங்கள் தேடிப் போகிற அதிகாரி அங்கே போயிருக்கலாம்.

நகரத்தார் அதிகம் கோபப்படுவது காலை நேரத்தைப் பற்றி. "பத்து மணி ஆகியும் கொத்தனார் வரவில்லை, இவர்களுக்கு வேலையில் அக்கறையே இல்லை" என்பார்கள். ஐப்பசியிலிருந்து தை வரை கர்நாடகக் காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும். ராகி முற்றும் நேரமும் அதுதான். வீட்டுக்கு ஒருவர் பரணில் விடிய விடியக் காவல் இருக்கிறார். பட்டாசும் டார்ச்சும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருந்தவர் காலை எட்டு மணிக்குக் கரண்டியோடு வந்து நிற்பாரா? அந்த மாதங்களில் வேலையைப் பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் ஆளும் வருவார், சுவரும் நேராக வரும். நீங்களும் மாலை ஆறு மணிக்கு முன் காட்டு ரோட்டைத் தாண்டிவிடுங்கள், இரு சக்கர வண்டி என்றால் கட்டாயமாக. இன்னொன்று: அறுவடை நேரத்தில் தார் ரோட்டிலேயே ராகித் தாளையும் கொள்ளுச் செடியையும் பரப்பியிருப்பார்கள், வண்டிச் சக்கரம் ஏறித்தான் கதிரடிப்பு. மெதுவாக ஓட்டினால் போதாது, தாண்டியதும் இறங்கி வண்டிக்கு அடியில் பாருங்கள். கொள்ளுக்கொடி அச்சில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும்.

கையெழுத்து கேட்டுப் போகும்போது வாசலில் நின்றபடி காகிதத்தை நீட்டாதீர்கள். உட்காருங்கள், மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசுங்கள், அவர்களே "வந்த காரியம் என்ன?" என்று கேட்பார்கள். களி போட்டால் சாப்பிடுங்கள். மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். மென்றுகொண்டிருந்தால் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கும்.

மாசி, பங்குனியைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டான பசலி ஜூலை 1-ல் பிறப்பதால் மே, ஜூனில் ஜமாபந்தி, அதாவது வருடாந்திர கிராமக் கணக்குத் தணிக்கை, நடக்கும். கிராம நிர்வாக அலுவலர்கள் எல்லோரும் கணக்குப் புத்தகங்களோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருப்பார்கள், வழக்கமான மனு எதுவும் நகராது. ஆனால் உங்கள் உள்வட்டத்துக்கு (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) ஒதுக்கிய நாளில் நேரில் போய் மனு கொடுத்தால் எல்லா அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். பழைய விண்ணப்ப எண், ஒப்புகைச் சீட்டு நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் யாரும் தேடமாட்டார்கள். என் கோப்பு அசைந்தது இப்படித்தான்.

பட்டா வந்ததும் பெயர், தகப்பனார் பெயர், பரப்பு மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பரப்பு ஹெக்டேர், ஏர்ஸில் இருக்கும். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கணக்கு) உங்கள் பயிரைப் பதியச் சொல்லி ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐப்பசியில் யானை புகுந்தால், வனத்துறையிடம் இழப்பீடு கேட்கப் பட்டாவோடு அதையும் எடுத்துப் போக வேண்டியிருக்கும்.