நற்செய்தியும் மாறும் பண்பாடும்: இந்தத் தாளில் மதிப்பெண் எங்கே போகிறது?

அருட்பணியியல் (நற்செய்திப் பணி பற்றிய இறையியல் படிப்பு) தேர்வில் கேள்வி 'மாறிவரும் பண்பாடு' என்று கேட்கும். விடையோ பண்பாட்டை அசையாத கல்லாக வைத்துக்கொண்டு வகைகளை ஒப்பிக்கும். மதிப்பெண் பெரும்பாலும் இங்கேதான் போகிறது. கிறிஸ்துவுக்கும் பண்பாட்டுக்கும் உள்ள உறவை இறையியலாளர் ரிச்சர்ட் நீபர் 1951-இல் வகுத்த ஐந்து வகைகளுக்கு அரைப் பக்கம் போதும். நற்செய்தியைச் சூழலோடு இணைக்கும் வழிகளுக்கு ஸ்டீபன் பெவன்ஸ் தந்த மாதிரிகள் 1992-இல் ஐந்து, 2002 திருத்திய பதிப்பில் ஆறு. ஆண்டைச் சேர்த்து எழுதினால் குழப்பம் தீர்ந்தது.

சுதேசமயமாக்கல் (நற்செய்தியை உள்ளூர் மரபின் வடிவில் தருதல்), சூழமைவாக்கம் (மாறிவரும் சூழல் முழுவதோடும் அதை இணைத்தல்) இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள். 1972-இல் தைவான் இறையியலாளர் ஷோகி கோவும் இறையியல் கல்வி நிதியத்தினரும் இரண்டாவது சொல்லை முன்வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் சொல் மரபை நோக்கியே திரும்பி நிற்கிறது. தொழில்நுட்பம், சமயச்சார்பின்மை, நீதிக்கான போராட்டம் ஆகியவை அதற்குள் அடங்குவதில்லை.

வேதப் பகுதிக்கு, யூதரல்லாத விசுவாசிகள் எதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று எருசலேமில் கூடி முடிவெடுத்த அப்போஸ்தலர் 15 தவறாமல் வரும். விருத்தசேதனம் தேவையில்லை என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தவை, வேசித்தனம் என்ற நான்கு விலக்குகளையும் எழுதினால்தான் வாதம் முழுமையாகும்.

வரலாற்று எடுத்துக்காட்டாகச் சீனச் சடங்கு விவாதத்தை எடுங்கள். இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. சீனாவுக்குச் சென்ற இயேசு சபை மிஷனரி மத்தேயோ ரீச்சி முதலில் பௌத்தத் துறவி உடையில் இருந்தார். 1595-இல் கன்பூசிய அறிஞர் உடைக்கு மாறினார். சீனக் கிறிஸ்தவர்கள் முன்னோருக்கும் கன்பூசியசுக்கும் செலுத்தும் வணக்கம் குடிமைச் சடங்கா, சமய வழிபாடா என்ற சண்டையில் 1715-இலும் 1742-இலும் ரோம் (கத்தோலிக்கத் தலைமை) தடை விதித்தது, 1939-இல் தளர்த்தியது. இடையில் பேரரசு வீழ்ந்து 1912-இல் குடியரசு வந்திருந்தது; கன்பூசியசுக்குச் செலுத்தும் மரியாதை சமயச் செயல் அல்ல என்று அரசே சொல்லியிருந்தது. சடங்கு அப்படியே இருக்க, அதன் பொருள் நகர்ந்துவிட்டது. இந்த நகர்வை எழுதாமல் ஆண்டுகளை மட்டும் அடுக்கினால் பயனில்லை.

அடுத்து, ஒரு வழக்கத்தை அப்படியே ஏற்காமலும் மறுக்காமலும் சீர்தூக்கிப் பார்க்க அருட்பணி மானிடவியலாளர் பால் ஹீபர்ட் வகுத்த 'திறனாய்வுச் சூழமைவாக்கம்'. படிகள் நான்கு: வழக்கத்தின் பொருளைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டறிதல், அதுபற்றி வேதத்தை ஆராய்தல், அந்தச் சபை மக்களே சீர்தூக்கி முடிவெடுத்தல், புதிய நடைமுறை அமைத்தல். முதல் படியிலேயே கண்டனம் வந்தால் மக்கள் வாய் திறக்கமாட்டார்கள். வழக்கம் மறைவில் தொடரும். எல்லாவற்றையும் ஏற்பதால் மட்டுமே சமயக் கலப்பு வரும் என்று எழுதுவது பாதி உண்மை. ஒட்டுமொத்தமாக மறுத்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேரும். மூன்றாம் படியில் 'மிஷனரி முடிவெடுக்கிறார்' என்று எழுதினால் படிகளின் உயிரே போய்விடும்.

நாற்பது நிமிட விடையானால் வரையறைக்கு ஐந்து, வேதப் பகுதிக்கு எட்டு, சீன விவாதத்துக்குப் பத்து, மீதி முழுவதும் ஒரே ஒரு வழக்கத்தை நான்கு படிகளிலும் கொண்டுபோவதற்கு. அதற்கு உடையைவிட அடக்கச் சடங்கை எடுப்பது நல்லது. இறந்தவர் எங்கே போகிறார், உயிரோடிருப்பவருக்கு அவர்மேல் என்ன கடன் என்ற கேள்விகள் அதற்குள்ளேயே இருப்பதால் இரண்டாம் படியில் எழுதச் சரக்கு தீராது.